உப்புப் படத்தில் என் அரை நாள்

முப்பது ஆண்டுகளாக என் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்த மாரிக்கு,

இன்று டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. நீ போனது அக்டோபர் 9, வியாழக்கிழமை, தீபாவளிக்குப் பதினொரு நாள் முன்னதாக. இன்றோடு எண்பது நாள் ஆகிறது. போன நாளையும் சேர்த்தால் எண்பத்தொன்று. நீ இருந்திருந்தால், "ஒரு நாளுல என்னா லா இருக்கு, கிராணி?" என்று கேட்டிருப்பாய். ஒரு நாள் கிடக்கட்டும், மாரி. அரை நாளில் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லவே இக்கடிதம்.

இதை உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டால் போதாதா என்று என் மனைவி பத்மா கேட்கிறாள். போதாது. நான் தவறு செய்தது மணியத்தின் கடையில், ஆட்கள் நிறைந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலையில். திருத்தமும் ஆட்கள் முன்னிலையில்தான் இருக்க வேண்டும். நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வழக்கமாக நம் பட்டியலுக்கு ஒதுக்கும் பக்கங்களை இம்முறை இக்கடிதத்துக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். மலரைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சில விவரங்களை இடையிடையே சொல்ல நேரும். உனக்குத் தெரிந்தவைதான், பொறுத்துக்கொள்.

நம் பட்டியலின் விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டில் பார்த்த தமிழ்ப் படங்களில் மிகச் சிறந்தது ஒன்று, மிக மோசமானது ஒன்று. அவரவர் கைப்பட எழுதி, உறையிலிட்டு ஒட்டி, டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பெருவாங்கில் உள்ள மணியத்தின் சாப்பாட்டுக் கடையில் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு மாற்றக் கூடாது. கல்லாவுக்குப் பக்கத்துப் பலகையில் அது அடுத்த டிசம்பர் வரை தொங்கும். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நம்மைத் திட்டலாம். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று. தணிக்கைச் சான்றிதழ் திரையில் தோன்றுவது முதல் கடைசிப் பெயர் மறையும் வரை இருக்கையில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்க்காதவனுக்கு அந்தப் படத்தைப் பற்றி நல்லதும் சொல்ல உரிமையில்லை, கெட்டதும் சொல்ல உரிமையில்லை. மீறினால் அந்த ஆண்டுப் பட்டியலிலிருந்து அவன் பெயரே நீங்கும். இந்த விதியை எழுதியது நான் என்றுதான் ஊரில் எல்லாரும் நினைக்கிறார்கள். அதன் பிறப்பிடம் நீ.

நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன், நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை. தேதி பதின்மூன்றா இருபதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் ஐயம் உண்டு. எனக்கு வயது இருபத்து நான்கு. தோட்டத்துக் கணக்கரான கிராணியாகப் பொறுப்பேற்று ஐந்து மாதம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, நான் பெயர் கூப்பிட்டுச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் கழித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நீ வந்தாய். உனக்கு வயது இருபத்தொன்று.

"சின்னப் பையன், விட்டுருங்க கிராணி" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். நான் விடவில்லை. அன்று நீ மற்றவர்களைப் போலவே உன் மர நிரையை முழுதாகப் பால் வெட்டி முடித்தாய். செக்ரோலில் உன் பெயருக்கு நேரே நான் எழுதியது அரை நாள்.

மதியம் அலுவலகச் சன்னலுக்கு வெளியே வந்து நின்றாய். சண்டைக்கு வந்திருக்கிறாய் என்று எண்ணிப் பேனாவை மூடி வைத்தேன். "கிராணி, நேத்து சாயங்காலம் டவுனுல படம். பாதியில எழுந்திருச்சிருந்தா பஸ்ஸ பிடிச்சிருக்கலாம். எழுந்திரிக்க மனசு வரல. பஸ்ஸ விட்டுட்டேன், தெரிஞ்சவன்கிட்ட சைக்கிள் வாங்கி மிதிச்சேன், டயரு வெடிச்சிருச்சு. அரை நாளு போனா போவுது. படத்த முழுசா பாத்தேன்ல, இப்ப அதப் பத்தி நான் பேசலாம்" என்றாய். பேசினாய். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் அந்தக் கதையைச் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அரை நாளை முழு நாளாகத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பதிந்தது பதிந்ததுதான் என்பது அந்நாளில் என் மதம்.

பிறகு தோட்டம் கைமாறியது. கித்தா என்ற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. நீ லோரி ஓட்டப் போனாய், பின்னர் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாய். நான் டவுனில் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுத வந்தேன். ஒரு சனிக்கிழமை டிக்கெட் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன், "முழுசா உக்காந்து பாப்பீங்களா, இல்ல அரை நாளா?" என்று கேட்டான். திரும்பிப் பார்க்காமலே உன்னைத் தெரிந்துகொண்டேன். அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கிய பட்டியலுக்கு இது முப்பத்தொன்றாவது ஆண்டு.

நீ படங்களுக்குப் பெயர் சொன்னதே இல்லை. வெளியான தேதி, இயக்கியவர் பெயர், ஓடும் நேரம் எல்லாவற்றையும் நான் குறித்து வைப்பேன்; நீயோ 'லிஃப்ட்டு படம்', 'நாலு துப்பாக்கிப் படம்' என்பாய். முப்பது ஆண்டு உன்னைத் திருத்தப் பார்த்தேன். இந்த ஒரு முறை நீ வைத்த பெயர்களாலேயே எழுதுகிறேன்.

இனி ஜூன் 14, சனிக்கிழமை. உப்புப் படம்.

அந்த நாட்களில் என் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பத்மா, அறுவைச் சிகிச்சை முடிந்து ஜூன் 5 அன்று வீடு திரும்பியிருந்தாள். புரண்டு படுக்கவும் அவளுக்கு ஒரு கை வேண்டும். மருந்துக்கு ஒரு நேரம், ஒத்தடத்துக்கு ஒரு நேரம் என்று தாளில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அந்த ஒன்பது நாளும் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடியவன். படத்துக்குப் போவதாக இல்லை. "மாரி வந்து வாசல்ல நிக்கிறார், போயிட்டு வாங்கோ. என்னைப் பாக்கத் தங்கச்சி இருக்கிறாள்தானே" என்று பத்மாதான் துரத்திவிட்டாள்.

நீயும் நல்ல நிலையில் இல்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் உனக்கு டயாலிசிஸ். முந்தின நாள்தான் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்துவிட்டு வந்திருந்தாய். ஆயர் கெரோ பேரங்காடியில் பிற்பகல் ஒன்றே காலுக்குக் காட்சி. எஃப் ஏழில் நான். எஃப் எட்டில் நீ.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன் தம்பி. அப்பன் விட்டுப்போன பாத்தி யாருக்கு என்பதில் சண்டை. "உன் முகத்தில் விழிக்க மாட்டேன்" என்று அண்ணன் தம்பியிடம் சத்தியம் செய்கிறான். இடைவேளை என்ற எழுத்துத் திரையில் வருகிறது. நம் ஊர்த் திரையரங்குகளில் இடைவேளை என்பது அந்த எழுத்து மட்டுமே; இரண்டு வினாடி நின்றுவிட்டுப் படம் தொடர்ந்து ஓடும். முடிவில் மழை கொட்டி உப்பளமே வெள்ளக்காடாக, அண்ணன் தம்பியை முதுகில் சுமந்துகொண்டு கரை சேர்கிறான். அரங்கில் பலர் மூக்கைச் சிந்தினார்கள். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாய்.

எனக்கோ கோபம். எந்தக் காரணமும் இல்லாமல் பகைமை எப்படிப் பாசமாகும்? மணியத்தின் கடைக்கு வந்து உட்கார்ந்தபோது, பல நாளாக இல்லாத தெளிவோடு பேசினேன். பத்து நாள் களைப்பும் எங்கோ போயிருந்தது. நல்ல கோபம் உடம்புக்கு நல்லது என்றுகூட அப்போது நினைத்தேன். அந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது என்று அரைக் கணமாவது யோசித்திருக்க வேண்டாமா நான்?

"காரண காரியத் தொடர்பே இல்லாத படம்" என்றேன். "இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனை எதற்கு ஒருவன் முதுகில் தூக்க வேண்டும்? அவனே நடக்க மாட்டானா?"

நீ பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓவைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாய். சீனியில்லாத கோப்பியில் கலக்க என்ன இருக்கிறது? அப்போதே நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"இந்த வருஷத்துலயே நல்ல படம் இதான் கிராணி" என்று மட்டும் சொன்னாய்.

"எப்படி? காரணம் சொல்."

"சொல்ல ஒண்ணுமில்ல லா. எனக்குப் பிடிச்சிருக்கு."

முப்பது ஆண்டில் நீ காரணம் சொல்லாமல் விட்ட நாள் அது ஒன்றுதான். நான் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். மணியம் கல்லாவிலிருந்தே, "என்னா மாரிண்ணே, சார் இன்னிக்கு ஒங்கள லோரியோட கவுத்துட்டாரு போல" என்று ஊதிவிட்டான். அந்த உற்சாகத்தில்தான் நான் அதைச் சொன்னேன். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன். "லோரி ஓட்டுகிறவனுக்குப் பாதை தெரிந்தால் போதும். கதை தெரிய வேண்டும் என்று கட்டாயமா?"

நான்கு மேசைகள் சிரித்தன. நீயும் சிரித்தாய். கோப்பையைச் சாசரில் திருப்பி வைத்துவிட்டு, "அக்காவுக்கு ரெண்டு தோசை பொங்குஸ் பண்ணு மணியம், சட்னி காரமில்லாம" என்று பத்மாவுக்குப் பொட்டலம் கட்டச் சொன்னாய்.

அதோடும் நான் நிற்கவில்லை. டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும் என்ற விதியை நானே மீறி, ஜூன் 16 திங்கட்கிழமை ஒரு வெள்ளை அட்டையில் எழுதிக்கொண்டு போய்ப் பலகையில் குத்தினேன்: 'இவ்வாண்டின் மிக மோசமான படம்: உப்புப் படம். காரணம்: காரணமின்மை.' அந்தக் கடைசிச் சொற்றொடரில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வந்து போகிறவர்களிடம் அதைப் படிக்கச் சொல்லிக் காட்டினேன்.

அந்த அட்டை அங்கே தொங்க, நீ அதற்குக் கீழேயே உட்கார்ந்து ஜூலையில் சாப்பிட்டாய், ஆகஸ்டில் சாப்பிட்டாய். லிஃப்ட்டுப் படத்துக்குச் சேர்ந்தே போனோம். அரசாங்க அலுவலகத்து மின்தூக்கியில் எட்டுப் பேர் ஒரு பிற்பகல் முழுவதும் மாட்டிக்கொள்ளும் கதை. நான் மெய்மறந்தேன். "ஒன்னே முக்கா மணி நேரம் ஒரே பெட்டிக்குள்ள! லோரிக்குள்ள நான் பாக்காததா? நான் பாதை மட்டும் தெரிஞ்சவன், எனக்கு எங்க புரியப் போவுது" என்று சொல்லி என் தொடையில் தட்டினாய். கேலி என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு தூரம் கேலி, மாரி?

கடைசியாக உன்னைப் பார்த்தது அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனையில். உன் மகள் தேவி தலைமாட்டில் இருந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது, பேச்சு மட்டும் பழைய பேச்சு. "கிராணி, அந்த உப்புப் படத்த இன்னொரு தடவ பாருங்களேன்" என்றாய்.

"ஒரு தடவை பார்த்ததே போன பிறவிப் பாவம்" என்றேன் நான்.

நீ சிரித்தாய். இருமலும் சேர்ந்து வந்தது. தேவி உன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்மாவின் மாத்திரை நேரம் என்று எழுந்தேன். உன்னிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

தீபாவளிப் படத்துக்குத் தனியாகப் போனேன். எஃப் எட்டில் யாரோ ஓர் இளைஞன் சோளப்பொரி வாளியோடு உட்கார்ந்தான். முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன், ஆனால் அந்தப் படத்தைப் பட்டியலில் எங்கும் சேர்க்கவில்லை. நீ இல்லாததால் படம் பிடிக்கவில்லையா, படம் பிடிக்காததால் நீ இல்லாதது அவ்வளவு தெரிந்ததா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அந்த நிலையில் இருப்பவன் தீர்ப்பு எழுதக் கூடாது.

டிசம்பர் 7, முதல் ஞாயிற்றுக்கிழமை. இந்த ஆண்டு ஓர் உறைதான் பிரிபடும் என்று எண்ணிக்கொண்டு மணியத்தின் கடைக்குப் போனேன். தேவி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பழுப்பு உறை. "பெரியப்பா, அப்பா செப்டம்பர்லயே எழுதி ஒட்டிக் குடுத்துட்டாரு. இந்தத் தேதியிலதான் குடுக்கணும், ஒரு நாளு முந்தினாலும் கிராணி கோவிச்சுக்குவாருன்னு சொன்னாரு" என்றாள்.

என் உறையை முதலில் பிரித்தார்கள். சிறந்த படம்: லிஃப்ட்டுப் படம். மோசமான படம்: உப்புப் படம். பலகையில் ஏற்கெனவே இருப்பதுதானே என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அடுத்து உன் உறை. உரக்கப் படிப்பது மணியத்தின் வேலை. முதல் வரியைப் படித்தவன் நிறுத்திவிட்டு, "சார், இத நீங்களே படிச்சுக்குங்க" என்று என்னிடம் நீட்டினான்.

உன் கோணல் எழுத்தில் இருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"அண்ணே, நல்ல படம் உப்புப் படம். மோசமான படம் நாலு துப்பாக்கிப் படம், இதுல உங்களுக்கும் எனக்கும் சண்ட வராது. இன்னொரு விசயம். உப்புப் படத்துல இடைவேளைன்னு எழுத்து வந்து கொஞ்ச நேரத்துல நீங்க தூங்கிட்டீங்க. அக்கா ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து நீங்க படுக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும். எழுப்ப மனசு வரல. அண்ணன் தம்பியத் தூக்குறப்போ மழை சத்தத்துல முழிச்சிட்டீங்க. தூங்கினது உங்களுக்கே தெரியல. கடையில சொல்லிருந்தா உங்க பேரு பட்டியல்லேருந்து போயிரும். முப்பது வருசம் ஒரு படத்துக்குக்கூட லீவு போடாத ஆளு. அதான் வாயத் தொறக்கல. அன்னிக்கு நீங்க எனக்கு அரை நாளு போட்டீங்க. நான் உங்களுக்கு முழு நாளு போட்டுட்டேன். கோவிக்காதீங்க. முடிஞ்சா அந்தப் பாகத்த மட்டும் பாருங்க. மாரி."

நாற்பத்தேழு ஆண்டில் நீ என்னை அண்ணே என்று அழைத்தது இல்லை. தோட்டத்தில் கிராணி, வரிசையில் கிராணி, என் மகன் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகப்படுத்தியபோதும் "எங்க கிராணி". கல்லாப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அந்த ஒரு சொல்லை மூன்று முறை படித்தேன். தேவி தண்ணீர் ஊற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

வீட்டுக்கு வந்து பத்மாவிடம் தாளை நீட்டினேன். அவள் பாதி படித்துவிட்டு மடித்தாள். "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். "உங்களை வாசலில விட்டிட்டு மாரி உள்ள வந்து, 'அக்கா, அவரு இன்னிக்கு நல்லா தூங்கினாரு, பாவம், நீங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க' எண்டு சொன்னவர்."

"அப்படியென்றால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லக்கூடாதெண்டு அவர் கேட்டவர். நானும் சொல்லேல்லை. நீங்கள் அந்த அட்டையைப் பற்றிப் பெருமை பேசேக்க எத்தனை தரம் வாய் வரைக்கும் வந்தது தெரியுமோ?"

எனக்கு ஆத்திரம் வந்தது, மாரி. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்? முதலில் வந்தது நன்றியில்லை. எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் என்னைக் கைக்குழந்தையாக நடத்தியிருக்கிறார்கள் என்ற ஆத்திரம். நீ என்னைத் தட்டி எழுப்பியிருந்தால், அல்லது கடையில் எழுந்து நின்று "நீர் தூங்கினீர் ஐயா" என்று சொல்லியிருந்தால், நான் அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேனா? ஒரு வாரம் அந்த ஆத்திரத்தோடு நடமாடினேன். பிறகு, படத்தைப் பார்க்காமல் இதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

டிசம்பர் 13, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குத் தேவியின் வீட்டுக்குப் போனேன். செங்கில் நீ வாங்கிய அதே வீடு. வாசலில் உன் செருப்பு இன்னும் இருக்கிறது. அவளுடைய தொலைக்காட்சியில் அந்தப் படம் கிடைக்கிறதாம். "அப்பா சொன்ன பாகத்த மட்டும் ஓட்டிக் காட்டவா, பெரியப்பா?" என்றாள். தணிக்கைச் சான்றிதழிலிருந்து தொடங்கச் சொன்னேன். "அப்பா சொன்னது சரிதான் லா" என்று முணுமுணுத்துக்கொண்டே சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தாள். சாய்ந்தால் ஆபத்து என்று நான் மேசை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இடைவேளை எழுத்து வந்து போயிற்று. அதன் பிறகு வந்த எதையும் நான் கண்டதில்லை. பாத்தியை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுத் தம்பி வேறொருவனின் உப்பளத்தில் கூலிக்குப் போகிறான். ரப்பர் காலணி வாங்கித் தர ஆளில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் வெடிக்கிறது, புண்ணாகிறது, கடைசியில் நிற்கவே முடியாமல் போகிறது. செய்தி கேட்டு அண்ணன் வருகிறான். செய்த சத்தியத்தால் முகத்தைப் பார்க்காமல் குனிந்தபடியே தம்பியின் கால் இரண்டையும் மடியில் எடுத்து வைத்து, நல்ல தண்ணீரால் கழுவுகிறான். வசனம் இல்லை, இசை இல்லை. என் கடிகாரத்தில் ஏழு நிமிடம்.

இரண்டு காலும் நன்றாக இருக்கிறவனை எதற்குத் தூக்க வேண்டும் என்று நான் கேட்டேனே, மாரி. அந்தக் கேள்வியை உன் முகத்தைப் பார்த்துக் கேட்டேனே. நீ கோப்பியைக் கலக்கினாயே.

அப்போது பக்கத்தில் மெல்லிய குறட்டை கேட்டது. தேவி. முந்தின இரவு வேலை முடிந்து வந்தவள், சோபாவின் கையில் தலை வைத்தபடி உறங்கிப் போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, உன் வாய்தான். அவள் அப்பாவுக்கு மிகப் பிடித்த கட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுப்பலாம் என்று கையை நீட்டினேன். நீட்டிய கை பாதியில் நின்றது. எழுப்ப மனசு வரல என்று நீ எழுதியிருந்தது அந்தக் கணத்தில்தான் எனக்குப் படிக்கக் கிடைத்தது. என் ஒரு வார ஆத்திரம் அங்கேயே முடிந்தது. ஒலியைக் கொஞ்சம் குறைத்தேன்.

மழைச் சத்தத்தில் அவளும் விழித்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள். "ஐயோ, தூங்கிட்டேனா? ஏன் பெரியப்பா இவன் அவனத் தூக்குறான்? நான் எத விட்டேன்?" என்றாள்.

அவ்வளவுதான், மாரி. அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. தூங்கினாள், விழித்தாள், பக்கத்தில் இருந்தவனைக் கேட்டாள். ஜூன் 14 அன்று நானும் கேட்டிருக்கலாம். தூங்கியது தெரியாவிட்டால்தான் என்ன? ஒரு படம் எனக்குப் புரியாமல், பக்கத்தில் இருப்பவன் அதற்குக் கண்ணைத் துடைக்கிறான் என்றால், நான் எதை விட்டேன் என்று கேட்க வேண்டியது முறையல்லவா? நான் காரணம் சொல் என்று கேட்டேன். அது கேள்வியில்லை, பெரட்டு.

தேவிக்கு அந்த ஏழு நிமிடத்தை என் வாயால் சொன்னேன். நீ சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்ன அளவுக்கு வராது. இருந்தாலும் அவள் அழுதாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

இனித் திருத்தங்கள். பிரித்த பிறகு மாற்றக் கூடாது என்ற விதி பட்டியலில் உரிமை உள்ளவனுக்கு. எனக்கு இவ்வாண்டு அந்த உரிமை இல்லை. ஆகவே டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை மணியத்தின் கடைக்குப் போய் என் வெள்ளை அட்டையைக் கழற்றினேன். "இதையும் படிச்சுக் காட்டு" என்று வேறொரு தாளை மணியத்திடம் கொடுத்தேன். அன்று சிரித்த நான்கு மேசைக்காரர்களில் இரண்டு பேர் இருந்தார்கள். அவன் படித்தான்: 'முப்பத்தொன்றாம் பட்டியல். மாரிமுத்து: முழு நாள். சிறந்தது, உப்புப் படம். மோசமானது, நாலு துப்பாக்கிப் படம். கிராணி: அரை நாள். உப்புப் படத்தின் நடுப்பகுதியில் உறங்கிவிட்டு முழுப் படத்தையும் பழித்தார். கதை அறிந்தவனைப் பார்த்துக் கதை தெரியாதவன் என்றார். இவர் பெயர் இவ்வாண்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.'

மணியம் தாளைப் பலகையில் குத்தினான். "அன்னிக்கு நானும்தான் ஊதிவிட்டேன் சார்" என்றான். பிறகு, "மாரிண்ணே இருந்தா இத ஒட்ட விடமாட்டாரு" என்றான். தெரியும். அதனால்தான் நீ இல்லாதபோது ஒட்டினேன்.

இவ்வளவு எழுதியும் ஒன்றை மறைத்தால் உனக்கே பிடிக்காது. உரிமை இல்லாவிட்டாலும் உன்னிடம் தனியாகச் சொல்கிறேன்: முழுவதும் பார்த்த பிறகும் உப்புப் படம் எனக்கு முதலிடமில்லை. முற்பகுதியில் அந்தத் திருவிழாப் பாட்டு தேவையில்லை. வில்லனின் சிரிப்பு இருபது ஆண்டு பழையது. லிஃப்ட்டுப் படம்தான் முதலிடம். உப்புப் படத்துக்கு இரண்டாமிடம் தருவேன். நீ இருந்திருந்தால் இதற்கு ஒரு முழுச் சாயங்காலம் சண்டை போட்டிருப்பாய்; இந்த முறை நீ காரணமும் சொல்லியிருப்பாய். அந்தச் சண்டை எனக்கு வேண்டும், மாரி. அதை எங்கே போய்க் கேட்பேன்?

பத்மா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறாள். உனக்குத் தர வைத்திருந்த கருவாட்டை என்ன செய்வது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேவியைத் தொழிற்சாலையில் பகல் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பொங்கலுக்கு வரும் படத்துக்கு எஃப் எட்டு தனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறாள். நான் தூங்கினால் எழுப்ப வேண்டுமா என்று என்னைக் கேட்டாள். களைத்திருந்தால் எழுப்ப வேண்டாம் என்றேன்.

உனக்கு ஓர் உறுதி தருகிறேன். தேதியோடு எழுதிக்கொள்: டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. இனி எந்தப் படம் முடிந்து விளக்கு எரிந்தாலும், அது நன்று இது தீது என்று வாய் திறக்கும் முன்பாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பி, அவர் யாராக இருந்தாலும், நான் எதை விட்டேன் என்று ஒரு முறை கேட்பேன்.

நீ ஒரே ஒரு முறை அழைத்ததால் அப்படி ஆன,
உன் அண்ணன்,
எஃப் ஏழு.